'மாப் அண்ட் லூசியா' தொடரை ருசித்துப் பார்ப்பது எப்படி

ஒரு வில்லி, அவளிடம் மாட்டிக்கொண்டு அழும் ஒரு நல்லவள், இந்த இரண்டு பேரை வைத்தே வருஷக்கணக்கில் ஓடும் தொடர்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு 'மாப் அண்ட் லூசியா' பார்க்க உட்கார்ந்தால், முதல் அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். விஷம் கிடையாது, ஆள்கடத்தல் கிடையாது, பத்திரத்தில் கள்ளக் கையெழுத்து கிடையாது. 1930களின் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், வசதியான, நடுத்தர வயதைத் தொட்ட இரண்டு பெண்கள், இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு விட்ட ஒரு வீடு. அவ்வளவுதான் கதை. "இதில் என்ன இருக்கிறது" என்று ரிமோட்டை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். இந்தத் தொடரைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அது பிடிபட்டுவிட்டால் அப்புறம் விடவே மனசு வராது.

முதலில் எதைப் பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கதை இரண்டு தடவை தொலைக்காட்சிக்கு வந்திருக்கிறது. லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தயாரித்து 1985, 86-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தது ஒன்று. ஐந்து ஐந்தாக இரண்டு தொகுப்பு, மொத்தம் 10 எபிசோடு. 2014 டிசம்பர் கடைசியில் பிபிசி ஒன்-இல் அடுத்தடுத்து மூன்று இரவுகளில் ஒளிபரப்பானது இன்னொன்று. பழையதிலிருந்து ஆரம்பியுங்கள். புதியது பார்க்க அழகாக இருக்கிறது, வேகமாகவும் போகிறது, ஆனால் இந்தச் சண்டைக்கு வேகம் ஆகாது. ஒருத்தி சொன்ன சொல் இன்னொருத்தியின் முகத்தில் போய் இறங்குவதற்கு இரண்டு விநாடி வேண்டும், அந்த இரண்டு விநாடியைப் பழைய தொடர் தாராளமாகக் கொடுக்கிறது. லூசியாவாக ஜெரால்டின் மெக்யுவன், பிற்பாடு துப்பறியும் மிஸ் மார்ப்பிளாக வந்தாரே, அவர். மாப்பாக ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ். 'ஃபால்டி டவர்ஸ்' பார்த்தவர்களுக்கு அதில் அவர் செய்த சிபில் மறந்திருக்காது. லூசியாவின் தோழன் ஜார்ஜியாக நைஜல் ஹாத்தோர்ன். 'யெஸ் மினிஸ்டர்' ஹம்ஃப்ரி ஐயாவேதான். இவர்கள் மூன்று பேரும் ஒரே அறையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை.

ஆங்கில வசன எழுத்தை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். இங்கே யாரும் கத்திப் பேசுவதில்லை. முக்கியமான வெட்டு எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகிற ஒரு சின்னச் சொல்லில்தான் இருக்கும், அது காதில் நழுவிப் போய்விட்டால் அந்தக் காட்சியே போய்விட்டது. செல்பேசியில் எதையாவது தள்ளிக்கொண்டே பார்க்கிற தொடரும் இது இல்லை.

சரி, கதைக்குள் போவோம். லூசியா கணவனை இழந்தவள், ரைஸ்ஹோம் என்ற கிராமத்தின் முடிசூடா ராணி. துக்கம் காத்து வீட்டோடு இருந்த மாதங்களில், ஊரில் நடக்கவிருக்கும் முதலாம் எலிசபெத் ராணி காலத்துத் திருவிழாவை டெய்சி என்கிற பக்கத்து வீட்டுக்காரி கையில் எடுத்துக்கொள்கிறாள். ராணி வேஷமும் டெய்சிக்குத்தான். லூசியாவுக்கு என்ன வேஷம் தெரியுமா? கடலோடி டிரேக்கின் மனைவி, வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற வேஷம். லூசியா கோபப்படுவதில்லை. "எனக்கெதற்கு அம்மா, நீங்களே செய்யுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறாள். அப்புறம் ஒத்திகை ஒவ்வொன்றாகக் குழம்பி, வழியில்லாமல் ஊரே வாசலில் வந்து நிற்க, தயங்கித் தயங்கி ராணி வேஷத்தை ஏற்றுக்கொள்கிறாள்.

இந்த ஆரம்பப் பகுதியைத் தள்ளிவிட்டு, மாப் வருகிற இடத்துக்கு ஓட்டிப் போகாதீர்கள். மாப் நேராக வந்துவிட்டால், பாவம் வெளியூரிலிருந்து வந்த லூசியாவை ஒரு பொறாமைக்காரி படுத்துகிறாள் என்றுதான் மனசு கணக்குப் போடும். லூசியா அப்படிப்பட்ட அப்பாவி இல்லை. இடத்தைப் பிடிப்பதில் அவள் பழுத்த ஆள், அதையும் தனக்கு அதில் துளி விருப்பமும் இல்லாதது போலவே பிடிக்கத் தெரிந்தவள். அதை ரைஸ்ஹோமில் பார்த்துவிட்டுத்தான் டில்லிங் ஊருக்கு வரவேண்டும்.

டில்லிங்கில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். மிஸ் எலிசபெத் மாப். கல்யாணம் ஆகாதவள், ஊரிலேயே அழகான 'மாலர்ட்ஸ்' என்ற வீட்டுக்குச் சொந்தக்காரி. அந்த வீட்டைத்தான் கோடைக்கு லூசியா வாடகைக்கு எடுக்கிறாள். மாப் நல்ல வாடகைக்கு விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த வாடகைக்கு ஊர்த்தோழி டைவாவின் வீட்டுக்குப் போகிறாள்; டைவா இன்னும் குறைவாகக் கொடுத்து ஓவியக்காரி ஐரீனின் வீட்டுக்குப் போகிறாள்; ஐரீன் ஊருக்கு வெளியே ஒரு கூலித் தொழிலாளியின் குடிசைக்கு. எல்லோருக்கும் கையில் கொஞ்சம் காசு மிஞ்சும். இந்த வாடகைச் சங்கிலி உங்களுக்குச் சிரிப்பைத் தந்தால், தொடர் உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். கட்சி சேராதீர்கள். நம்மையும் அறியாமல் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று தேட ஆரம்பித்துவிடுவோம், பழக்கம் அப்படி. இங்கே அந்தத் தேடலுக்கு விடை கிடையாது. மாப் வேவு பார்ப்பாள், கஞ்சத்தனம் பண்ணுவாள், பொய் சொல்வாள். லூசியாவும் பொய் சொல்வாள், ஊரையே தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைப்பாள், தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வாள். வித்தியாசம் பாணியில்தான். ஆகவே யார் ஜெயிக்க வேண்டும் என்று பார்க்காமல், இந்தச் சுற்றில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் பாருங்கள். மல்யுத்தம் தெரிந்தவர்கள் பிடியைப் பார்த்து ரசிப்பார்களே, அந்தப் பார்வை வேண்டும். ஒருத்தியின் சூழ்ச்சி அடிவாங்கும்போது "ஐயோ" என்று ஒரு நிமிஷம் அவளுக்காக வருத்தப்படுவீர்கள், அடுத்த காட்சியிலேயே அவள் எழுந்து நிற்கும் அழகைப் பார்த்துக் கைதட்டுவீர்கள்.

அதற்கு ஒரு நல்ல உதாரணம் அந்தக் கதவுச் சங்கிலி. வீட்டை வாடகைக்கு விட்டபின்னும் மாப்புக்கு அது தன் வீடுதான். மணி அடிக்காமல், கதவைத் தட்டாமல், நேரே உள்ளே வந்து நிற்பாள். வாயெல்லாம் தேன், கண்ணெல்லாம் எந்த நாற்காலி எங்கே நகர்ந்திருக்கிறது என்பதில். லூசியா ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்வதில்லை, "வாருங்கள் வாருங்கள்" என்று வரவேற்கிறாள். சண்டை என்று ஒன்று வெளிப்படையாக வந்துவிட்டால் ஆட்டத்தில் தோற்றது மாதிரி, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாள் கதவின் உட்பக்கம் சங்கிலியை மாட்டிவிடுகிறாள், அவ்வளவுதான். மாப் வழக்கம்போல வேகமாக வந்து கதவைத் தள்ளுகிறாள், கதவு நான்கு விரல்கடை திறந்து டக்கென்று நிற்கிறது. அந்த இடத்தில் மாப்பின் முகத்தை மட்டும் பாருங்கள். அதிர்ச்சி, அவமானம், கோபம் எல்லாம் வந்து போய், கடைசியில் மறுபடியும் அந்தப் புன்னகை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் புன்னகையை மீண்டும் முகத்தில் மாட்டுவதற்கு அவள் படுகிற பாடு இருக்கிறதே, ப்ரூனெல்லா ஸ்கேல்ஸின் திறமை முழுவதும் அங்கேதான். ஒரு தடவை பின்னோக்கிப் போய்த் திரும்பப் பாருங்கள், தப்பே இல்லை.

இரண்டு பேரும் பேசிக்கொள்ளும்போது 'டியர்' எத்தனை வருகிறது என்று காதை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சல் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். லூசியாவை 'லூலூ' என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்த கணத்திலிருந்து மாப் வேண்டுமென்றே பாசத்தைக் குழைத்து 'லூலூ' என்றுதான் கூப்பிடுவாள். குழாயடிச் சண்டையில் இந்தச் சுகம் கிடைக்காது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை இது, ஏற்றுகிறவளும் ஏற்றப்படுகிறவளும் ஒருசேரச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், தெருவைக் கவனிக்கப் பழகுங்கள். காலையில் ஊரே கூடையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பும். சாமான் வாங்குவது சாக்கு, "ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்பதுதான் வேலை. ஊரில் வணக்கத்துக்குப் பதில் இந்தக் கேள்விதான். ஓரத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள், யார் யாரைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போகிறார்கள் என்பதிலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். மாலர்ட்ஸ் வீட்டோடு சேர்ந்த தோட்டத்து அறையின் சன்னல் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் ஊரின் நடமாட்டம் முழுவதும் கண்ணுக்குள். மாப் வாடகைக்கு விட்டது அந்தச் சன்னலையும் சேர்த்துத்தான். அது அவளுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரிந்துவிட்டால், அவள் ஏன் ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருந்தாள் என்பதும் புரியும்.

கதையில் டில்லிங் என்று பெயர் மாறியிருக்கும் அந்த ஊர் நிஜ ஊர். தெற்கு இங்கிலாந்தில், ஈஸ்ட் சசெக்ஸில் இருக்கிற ரை. உருண்டைக் கற்கள் பாவிய சரிவான தெருக்கள், சாய்ந்த பழைய வீடுகள், கீழே சதுப்பு நிலம், அதற்கு அப்பால் கடல். கதையை எழுதிய இ. எஃப். பென்சன் அங்கே 'லாம்ப் ஹவுஸ்' என்ற வீட்டில் வாழ்ந்தவர், அந்த வீடுதான் கதையில் மாலர்ட்ஸ். 1934-லிருந்து 1937 வரை அவரே அந்த ஊருக்கு மேயராக இருந்தார், அதனால் இரண்டாம் தொகுப்பில் வருகிற நகராட்சி விவகாரங்களில் ஒரு கூட்டத்தை உள்ளே உட்கார்ந்து பார்த்தவரின் வாசனை அடிக்கும். அசல் தோட்டத்து அறை 1940-இல் ஜெர்மன் குண்டு விழுந்து போய்விட்டது. 2014 தொடருக்காக அதே இடத்தில் ஒரு மாதிரியைக் கட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டு தொடர்களுமே ரை ஊரிலேயே எடுக்கப்பட்டவை என்பதால், அந்தச் சன்னலும் தெருவும் உங்களுக்குச் சீக்கிரமே மனப்பாடமாகிவிடும்.

லூசியாவின் பித்தலாட்டங்களைத் தனியாக ரசிக்க வேண்டும். பியானோவில் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா' வாசிப்பாள், மெதுவாகப் போகிற முதல் பகுதியை மட்டும். விரல் ஓடவேண்டிய அடுத்த பகுதிகள் அவளுக்கு வராது, ஆனால் வாசித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, இதற்கு மேல் எதையும் கேட்கலாகாது என்பது போல ஒரு மௌனம் காப்பாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் மரியாதையாகப் பெருமூச்சு விடுவார்கள். இத்தாலிய மொழியும் அப்படித்தான். அவளும் ஜார்ஜியும் நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு, ஏதோ ரோமில் பிறந்து வளர்ந்தவர்கள் போல எல்லோர் முன்னாலும் கொஞ்சிக்கொள்வார்கள். ஒருநாள் ஊருக்கு நிஜமாகவே இத்தாலியச் சீமாட்டி ஒருத்தி வரப்போகிறாள், லூசியாவோடு இத்தாலியில் பேச ஆசையாக இருக்கிறாள் என்று செய்தி வருகிறது. மாப்பின் முகத்தில் அன்றைக்குத் தெரிகிற வெளிச்சத்தை என்னவென்று சொல்வது! லூசியாவுக்கு அன்றே காய்ச்சல் வந்துவிடுகிறது. எப்படித் தப்பிக்கிறாள் என்பதை நீங்களே பாருங்கள். மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும், மாட்டிக்கொள்ளக் கூடாது என்றும் ஒரே சமயத்தில் மனசு அடித்துக்கொள்ளும்.

லாப்ஸ்டர் விஷயத்துக்கு வருவோம், முதல் தொகுப்பின் பின்பாதியில் இருக்கிறது. 'லாப்ஸ்டர் ஆ லா ரைஸ்ஹோம்' என்று லூசியா வீட்டு விருந்தில் ஒரு பதார்த்தம். சாப்பிட்ட ஊர் அப்படியே சொக்கிப்போகிறது. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நல்ல பண்டம் ஒன்று யார் வீட்டிலாவது சாப்பிட்டால் செய்முறை கேட்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். மாப் கேட்கிறாள். லூசியா கொடுக்காமல் நழுவுகிறாள். மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வீட்டில் செய்து பார்க்கிற மாப்புக்கு அந்தக் கைப்பக்குவம் வரவில்லை. இதில் சின்ன விஷயம் என்று ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சமையல்காரி வைத்து வீடு நடத்துகிற, விருந்துதான் அதிகாரம் என்றிருக்கிற ஒரு சமூகத்தில், அந்தச் செய்முறை கைக்கு வராதவரை மாப் இரண்டாம் இடத்தில்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேலைக்காரர்கள் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து, கோடை வாடகை முடிந்தபின் லூசியா குடியேறிய, ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தை ஒட்டிய வீட்டின் சமையலறைக்குள் மாப் தனியாக நுழைகிறாள். செய்முறைப் புத்தகம் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன். அந்த எபிசோடைப் பார்க்கிற இரவு அடுத்ததையும் சேர்த்துப் பார்க்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தினால் தூக்கம் வராது.

சுற்றியிருப்பவர்களை மறந்துவிடாதீர்கள், அவர்கள்தான் நடுவர்கள். யாருக்கு வெற்றி என்று தீர்மானிப்பது ஊர்தானே. ஜார்ஜி பூவேலைத் துணியும் கையுமாக, தலையில் டோப்பாவோடு, லூசியாவின் ஒவ்வொரு நாடகத்துக்கும் துணை போகிறவன். சில சமயம் கோபித்துக்கொள்வான், ஆனால் விட்டுப்போக மாட்டான். திருமதி வைஸ் நாலு எட்டில் இருக்கிற வீட்டுக்கும் ரோல்ஸ்ராய்ஸில்தான் வருவாள், கோடையிலும் மென்மயிர் மேலங்கிதான். பாதிரியார் பர்மிங்ஹாம்காரர், ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் போலப் பேசுவார். மேஜர் பெஞ்சிக்கு இந்தியாவில் புலி சுட்ட கதை, கூடவே விஸ்கி. ஓவியம் வரைகிற ஐரீன் குழாய்ப்புகை பிடித்துக்கொண்டு மாப்பை முகத்துக்கு நேரே பகடி பண்ணுகிறவள், லூசியாவைத் தெய்வமாகக் கொண்டாடுகிறவள். என் மனசுக்கு மிகவும் பிடித்தவள் டைவாதான்; குட்டையாக, உருண்டையாக, மூச்சு வாங்கிக்கொண்டு துண்டுதுண்டாகப் பேசுவாள், எந்தப் பக்கமும் நிலையாக நிற்க முடியாமல் தவிப்பாள். இவர்கள் எல்லோருமே எதையாவது ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் திரிகிறார்கள். ஆகவே லூசியாவின் இத்தாலியைத் தோண்டி எடுப்பதில் ஊருக்கு ஓரளவுக்கு மேல் அக்கறை வராது.

இவ்வளவு சின்னச் சண்டை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான். இந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு ராஜ்யத்தை நடத்துகிற சாமர்த்தியம் இருக்கிறது. ஆளைப் படிக்கத் தெரியும், காலம் பார்த்துக் காய் நகர்த்தத் தெரியும், தோல்வியை வெற்றியாகக் காட்டத் தெரியும். காலமும் வர்க்கமும் அவர்களுக்குக் கொடுத்த களம் ஒரு தெரு, ஒரு சீட்டாட்ட மேசை, ஓவியச் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி. அத்தனை சாமர்த்தியத்தையும் அங்கேதான் செலவழித்தாக வேண்டும். அதற்கு ஈடுகொடுக்கிற ஆள் டில்லிங்கில் இன்னொருத்திதான். லூசியா வருவதற்கு முன்னால் மாப்புக்கு எதிர்க்க ஆளில்லை, ஜெயித்தும் ருசியில்லை. டெய்சியை ஜெயித்தபின் லூசியாவுக்கு ரைஸ்ஹோம் சலித்துப் போனதும் அதனால்தான். வெறுப்பு என்று நாம் நினைப்பதற்குள்ளே, எதிராளி இருக்க வேண்டும் என்கிற ஒரு பெரிய தேவை ஒளிந்திருக்கிறது. இந்தச் சண்டையில் யாரும் சாக வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை, பார்க்கிற நமக்கும் நெஞ்சு அடைப்பதில்லை. நாள் முழுக்க வேலை பார்த்து அலுத்து வந்து உட்காரும்போது இப்படி ஒரு பகை மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது தெரியுமா.

பார்க்கிற வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மூச்சில் பத்தையும் முடிக்காதீர்கள், அந்த லாப்ஸ்டர் இரவைத் தவிர மற்ற நாள்களில் ஒன்று போதும். முடிந்தால் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மாவோ அக்காவோ, பழைய அலுவலகத் தோழியோ, மனிதர்களைக் கூர்ந்து பார்க்கிறவராக இருந்தால் நல்லது. எபிசோடு முடிந்ததும் "இன்றைக்கு யார் கை ஓங்கியது?" என்று பேசுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில் வராது. அந்தப் பேச்சு தொடரில் பாதி.

பழையதை முடித்துவிட்டு ஒரு மாதம் இடைவெளி விட்டு 2014 தொடருக்குப் போங்கள். மாப்பாக மிராண்டா ரிச்சர்ட்சன், பல்வரிசை தெரியத் தெரியச் சிரித்துக்கொண்டு, ப்ரூனெல்லா ஸ்கேல்ஸைவிடக் கொஞ்சம் பயமுறுத்துகிற மாப். லூசியாவாக அன்னா சான்சலர் நெட்டையாக, ஒய்யாரமாக. திரைக்கதை எழுதிய ஸ்டீவ் பெம்பர்டனே ஜார்ஜியாகவும் நடிக்கிறார், 'ஷெர்லாக்' புகழ் மார்க் கேட்டிஸ்தான் மேஜர். மூன்று மணி நேரத்துக்குள் அடக்கவேண்டி இருந்ததால் காட்சிகள் சுருங்கியிருக்கின்றன, அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் அதே சங்கிலி, அதே லாப்ஸ்டர், அதே சமையலறையை வேறு முகங்கள் எப்படிச் செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாப்பில் எனக்கு இன்னும் பழையவர்தான். ஐரீனில் புதியவர், ஜெம்மா வீலன்.

அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால் பென்சனின் நாவல்கள் ஆறு இருக்கின்றன, 1920-லிருந்து 1939 வரை வந்தவை. முதல் மூன்றில் இவர்கள் தனித்தனி ஊரில் தனித்தனி ராணிகள்; 1931-இல் வந்த நான்காவதில்தான் சந்திக்கிறார்கள், தொடர் ஆரம்பிப்பதும் அங்கிருந்துதான். தொடரைப் பார்த்துவிட்டுப் படிப்பவர்கள் மாப் மட்டும் வருகிற 1922 நாவலை முதலில் எடுங்கள். லூசியா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல், அந்தத் தோட்டத்துச் சன்னலில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து ஊரை அளந்துகொண்டிருக்கிற காலம் அதில் இருக்கிறது.